கம்மியரும் கல்லூரியும்: சென்னை மேற்குப் புறநகர்த் தொழிற்கல்வியின் வரலாறு

முன்னுரை

நெடுநல்வாடையில் அரசன் கோயில் எழும் பகுதியில் இருவகை அறிவினர் நம்முன் தோன்றுகின்றனர். நிழல் நோக்கித் திசை கண்டு, கயிறிட்டு அளந்து, மனை வகுப்போர் ஒரு வகையினர். வாயிற் கதவினை இடைவெளி தோன்றாதவாறு இறுக்கிப் பொருத்தும் கைவன்மை வாய்ந்த கம்மியர் மற்றொரு வகையினர். நூலறிவும் கைத்திறனும் ஒரே மாளிகையை எழுப்புதற்குத் துணைநிற்பினும், அவ்விரண்டும் வெவ்வேறு மாந்தரிடத்தே அமைந்திருந்தன என்பதற்கு அப்பாட்டுச் சான்றாகும்.

கம்மியர் என்னும் அச்சொல் வழக்கிறந்து போகவில்லை. தமிழ்நாட்டு அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடப்பிரிவுப் பட்டியலில், பொருத்துநர், கடைசலர், மின்பணியாளர், பற்றவைப்பவர் என்னும் பெயர்களோடு 'கம்மியர் மோட்டார் வாகனம்' என்னும் பெயரும் இன்று காணப்படுகின்றது. சங்க காலச் சொல் ஒன்று இருபதாம் நூற்றாண்டில் ஒரு சான்றிதழின் பெயராயிற்று. அதன் பொருளிலும் ஒரு மாறுதல் நேர்ந்தது. இடைக்காலத்தில் பிறப்பால் அறியப்பட்ட கம்மியன், இன்று பயிற்சியால் அறியப்படுகின்றான்.

இம்மாறுதல் எவ்வாறு நிகழ்ந்தது, அது முற்றுப்பெற்றதா என்னும் வினாக்களை அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைக் களமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அண்மைக் காலத்தில் தோன்றிய சமுதாயக் கல்லூரி என்னும் அமைப்பினை இவ்வரலாற்றின் ஒரு படியாகக் கொண்டால்தான் அதன் சிறப்பும் குறையும் விளங்கும். தொழிற்கல்வி தரும் நிறுவனம் எதற்கும் இரு வாயில்கள் உண்டு. மாணவர் உள்ளே வரும் வாயில் ஒன்று. அவர் தொழிலுக்குச் செல்லும் வாயில் மற்றொன்று. முன்னதைப் புகுவாயில் என்றும், பின்னதைப் புறவாயில் என்றும் ஈண்டு வழங்குவோம். இவ்விரண்டும் ஒருங்கே திறந்திருந்த காலங்களில்தான் பலதிறப்பட்ட மக்கள் உயர்ந்தனர் என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

நிலமும் ஊரும்

ஆராய எடுத்துக்கொண்ட நிலப்பகுதி தமிழிலக்கிய மாணவர்க்குப் புதியதன்று. பாடி என்று இன்று வழங்கும் ஊர் சம்பந்தர் பாடிய திருவலிதாயம் ஆகும். சுந்தரர் பாடிய வட திருமுல்லைவாயிலும், சம்பந்தர் பாடிய திருவேற்காடும் இதன் அண்மையில் உள்ளன. திருமழிசையாழ்வார் தோன்றிய ஊரும், திருக்கச்சி நம்பிகள் பிறந்த பூவிருந்தவல்லியும் இதன் மேற்கெல்லையில் அமைந்தன. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு முதலிய ஊர்கள் ஏரிப் பாசனத்தை நம்பிய வேளாண் ஊர்களாகவே நெடுங்காலம் விளங்கின.

1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை அமைந்த தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இப்பகுதியின் வழியே சென்றது. அன்று பயிர் விளைந்த நிலம் பின்னர் ஆலை விளையும் நிலமாதற்கு அப்பாதையே வித்திட்டது எனலாம். மூலப்பொருள் வரவும் செய்பொருள் செல்லவும் வழி இருந்தது. நகரின் அண்மையும் இருந்தது. விலை குறைந்த பரந்த நிலமும் இருந்தது.

ஈண்டு ஊர்ப்பெயர் பற்றிய ஒரு தவறான வழக்கினையும் சுட்டுதல் தகும். ஆவடி என்னும் பெயர், கவச ஊர்திகளும் படைக்கலக் கிடங்கும் உள்ள இடம் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆயது என்று பலர் கூறுவர். கனரக ஊர்தித் தொழிற்சாலை ஆவடியில் நிறுவப்பட்டது 1961ஆம் ஆண்டிலாகும். இந்திய தேசியக் காங்கிரசின் அறுபதாம் மாநாடு கூடியதோ 1955ஆம் ஆண்டு சனவரித் திங்களில். அம்மாநாடு அன்றே ஆவடி மாநாடு எனப் பெயர் பெற்றுவிட்டது. எனவே, ஊர்ப்பெயர் தொழிற்சாலைக்கு முந்தியது என்பது தெளிவு. ஊர் ஆலைக்குப் பெயரைத் தந்ததேயன்றி, ஆலை ஊருக்குப் பெயரைத் தந்திலது.

ஆலைகளின் வருகை

நாடு விடுதலை பெற்ற இரண்டாம் ஆண்டிலேயே இப்பகுதியில் பெருந்தொழில் தோன்றியது. 1949ஆம் ஆண்டில் முருகப்பா குழுமத்தார் ஆங்கில நிறுவனம் ஒன்றன் கூட்டுறவோடு அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிலைத் தொடங்கினர். 1955ஆம் ஆண்டில் ஆவடியில் குழாய் உற்பத்தி ஆலையும், அவ்வாண்டிலேயே அக்டோபர் 2ஆம் நாள் அண்மையிலுள்ள பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலையும் தோன்றின. 1959ஆம் ஆண்டில் அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை எழுந்தது. 1960ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா முதலிய ஊர்தி உறுப்பு ஆலைகள் அடுத்தடுத்து அமைந்தன. ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையில் 1965ஆம் ஆண்டில் விஜயந்தா என்னும் கவச ஊர்தி வெளிவந்தது. சென்னை மாநிலத் தொழிலமைச்சராக விளங்கிய ஆர். வெங்கட்டராமன் காலத்தில் கிண்டியை அடுத்து அம்பத்தூரிலும் சிறுதொழிற்பேட்டை அமைந்தது.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில் நேர்ந்த இம்மாற்றம் ஒரு புதிய சிக்கலையும் உடன் கொணர்ந்தது. ஆலைக்கு நிலம் இவ்வூர்களில் கிடைத்தது. ஆலைக்கு வேண்டிய பயிற்சி பெற்ற தொழிலாளர் இவ்வூர்களில் போதிய அளவு கிடைத்திலர். ஏர் பிடித்த கை கடைசல் பொறியைத் தானாக இயக்குதல் இயலாது. வரைபடம் படித்தல், நுண்ணளவைக் கருவி பிடித்தல், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு கூற்றினை அளத்தல் ஆகியன கற்றுப் பெற வேண்டிய திறன்கள். கற்பிக்கும் இடம் இல்லையேல், தம் நிலத்தின்மேல் எழுந்த ஆலையின் மதிற்சுவரை அவ்வூரார் புறத்தே நின்று காண்பதோடு அமைய வேண்டியிருந்திருக்கும். தொழிற்கல்வி வரலாற்றின் உயிர்நிலை இதுவேயாகும்.

பிறப்பும் தொழிலும்

கைத்தொழில் தமிழகத்தில் என்றும் சிறப்புற்றே இருந்தது. மணிமேகலையில் சோழ மன்னன் கொலுமண்டபம் அமைத்த செய்தி வருமிடத்து, மகதம், மராட்டம், அவந்தி, யவனம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழில்வல்லார் தமிழ் வினைஞரோடு கூடிப் பணிசெய்தமை கூறப்படுகின்றது. பலதிறத்தார் ஒரே பணிக்களத்தில் கூடுதல் நமக்குப் பழைய மரபேயாம். எனினும், களத்தில் கூடியவர்கள் தத்தம் தொழிலைக் கற்றது தத்தம் இல்லத்தில். கற்பித்தவர் தந்தையோ தாய்மாமனோ ஆவர். தொழில் ஒருவனுக்குப் பிறப்போடு வந்தது. பிறப்பு மாற்றவியலாதது போலவே தொழிலும் மாற்றவியலாததாயிற்று.

தொழில் சிறந்தும் தொழிலாளர் தாழ்வுற்ற நிலைக்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. கொங்கு நாட்டில் கிடைத்த இடைக்காலக் கல்வெட்டுகள் சில, கம்மாளர்க்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளவும், காலில் செருப்பணிந்து செல்லவும், வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளவும் உரிமை வழங்குகின்றன. உரிமை வழங்கப்பட்டது என்பதிலிருந்தே, அதுகாறும் அவர்க்கு அவ்வுரிமை இருந்திலது என்பது பெறப்படும். பிறர் வீட்டைக் கட்டித் தந்தவன் தன் வீட்டிற்குச் சாந்து பூச ஆணை வேண்டியிருந்தது.

இப்பழைய கட்டு இருபதாம் நூற்றாண்டின் இடையில் பெரும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. 1953ஆம் ஆண்டில் இராசாசி தலைமையிலான அரசு தொடக்கக் கல்வியில் ஒரு புதிய திட்டத்தைப் புகுத்தியது. மாணவர் நாள்தோறும் மூன்று மணி நேரம் பள்ளியில் பயின்று, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். பள்ளிக் கட்டடமும் ஆசிரியரும் போதாத நிலையில் மேலும் பலர்க்குக் கல்வி தர இயலும் என்பது திட்டத்தினை ஆதரித்தோர் கூற்று. அது குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்று எதிர்த்தோர் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றே பெயரிட்டனர். 1954ஆம் ஆண்டில் முதலமைச்சர் பொறுப்பேற்ற காமராசர் அதனைக் கைவிட்டார்.

தொழிற்கல்வி வேண்டும் என்பதில் இரு சாராரும் முரண்பட்டிலர். தொழிலைக் கற்பிக்கும் இடம் வீடா, பொதுப் பள்ளியா என்பதே வழக்கின் உட்கிடை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலக்குமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு (1952-53) பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தமையும் இவ்வழக்கோடு ஒப்பிட்டு நோக்கற்பாலது. மாணவன் தன் நாட்டத்திற்கேற்பத் தொழிற்பாடம் கொள்ளலாம் என்பதே அப்பரிந்துரையின் அடிப்படை. தந்தையின் தொழில் என்ன என்னும் வினாவுக்கு அங்கு இடமில்லை.

பயிற்சி நிலையமும் பல்தொழில்நுட்பக் கல்லூரியும்

பொதுப் பயிற்சிக் கூடம் என்னும் கருத்துச் சென்னைக்குப் புதியதன்று. 1850ஆம் ஆண்டில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் நிறுவிய கலைத்தொழிற் பள்ளியும், 1916ஆம் ஆண்டில் தொடங்கி 1946ஆம் ஆண்டில் மத்திய பாலிடெக்னிக்காக உயர்ந்த தொழிற்பள்ளியும் முன்னோடிகள். ஆயினும் அவை நகரின் உள்ளே இருந்தன. மேற்குப் புறநகரில் ஆலையின் அருகிலேயே கல்விக்கூடம் எழுந்தது விடுதலைக்குப் பின்னரேயாம்.

1950ஆம் ஆண்டில் இந்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்வழித் தோன்றிய தொழிற்பயிற்சி நிலையங்களுள் அம்பத்தூர் அரசினர் நிலையமும் ஒன்று. மக்கள் இதனை ஐ.டி.ஐ. என்றே வழங்குவர். 1957ஆம் ஆண்டில் ஏ.எம்.எம். அறக்கட்டளையினர் ஆவடிச் சத்தியமூர்த்தி நகரில் முருகப்பா பாலிடெக்னிக் கல்லூரியை நிறுவினர். 1955ஆம் ஆண்டுக் காங்கிரசு மாநாடு கூடிய இடம் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் பெற்றதாகும். சமதருமப் பாங்கான சமுதாயம் என்னும் தீர்மானம் நிறைவேறிய ஊரில் இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தமை வரலாற்றுப் பொருத்தம் உடையது.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் மூன்றாவது தூணாயிற்று. குறித்த தொழில்களில் ஆலைகள் பழகுநரை ஏற்றுப் பயிற்றவும், அக்காலத்தில் உதவித்தொகை வழங்கவும் அச்சட்டம் வகை செய்தது. பயிற்சி நிலையத்தில் ஓராண்டோ ஈராண்டோ பயின்றவன் பின்னர் ஆலையிலேயே பழகி, அனைத்திந்தியத் தேர்வு எழுதித் தேசியச் சான்றிதழ் பெற்றான். ஆவடிப் படைக்கலத் தொழிற்சாலைகளும், பாடி, அம்பத்தூர் ஆலைகளும் பழகுநர் பலரை ஏற்றன.

அக்காலத்தில் இரு வாயில்களும் ஒருங்கே திறந்திருந்தன என்பது இதனால் விளங்கும். புகுவாயிலில் பள்ளிக் கல்வியே கேட்கப்பட்டது, குலம் கேட்கப்படவில்லை. இடஒதுக்கீடு இருந்தமையால் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கும் இடம் உறுதியாயிற்று. புறவாயிலில் ஆலை காத்திருந்தது. கொல்லன் மகனும் வேளாண் கூலியாள் மகனும் ஒரே பிடிகருவியின் முன் நின்று ஒரே அரத்தால் இரும்பை அராவக் கற்றனர். முன்னவனுக்குத் தந்தை வழங்கிய பழக்கம் துணையாயிற்று என்பது உண்மையே. ஆனால், தேர்வில் அளக்கப்பட்டது இரும்பின் அளவே. பொதுப் பயிற்சிக் கூடத்தின் சமூகப் பயன் இவ்விடத்தே நன்கு புலனாகும். தொழிலாளியாகப் புகுந்து, பின்னர்ச் சிறு பட்டறை நிறுவி, பெரிய ஆலைகளுக்கு உறுப்புகள் செய்தளிக்கும் உரிமையாளராய் உயர்ந்தோரும் அம்பத்தூர்ப் பேட்டையில் உளர்.

பூவிருந்தவல்லியின் பங்கு வேறொரு வகையது. விடுதலைக்கு முன்னரே அங்குத் தோன்றிய அரசினர் பார்வையற்றோர் பள்ளியும், 1988ஆம் ஆண்டில் அமைந்த தேசியப் பார்வையற்றோர் நிறுவனத்தின் மண்டல மையமும், உடற்குறை தொழிலுக்குத் தடையாகாது என்னும் கொள்கையைச் செயலில் காட்டின. பிறப்பால் வந்த குலத்தடையை அம்பத்தூரும் ஆவடியும் தளர்த்தின என்றால், உடலால் வந்த தடையைப் பூவிருந்தவல்லி தளர்த்த முனைந்தது எனலாம்.

வாயில் உயர்ந்த வரலாறு

திறந்த வாயில் என்றும் அவ்வாறே நின்றுவிடுவதில்லை. நாளடைவில் புகுவாயிலின் படிகள் உயர்ந்தன. பொருத்துநர், கடைசலர் முதலிய பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு புகத்தக்கவை பற்றவைப்பவர், கம்பியாளர் போன்ற சில பிரிவுகளேயாம். பாலிடெக்னிக் கல்லூரியின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பிற்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அடிப்படையாகும். எட்டாம் வகுப்பிற்கு முன்னரே பள்ளியை விட்டவர், பத்தாம் வகுப்பில் தவறியவர், குடும்பப் பொறுப்பால் இடையில் நின்ற பெண்டிர், முப்பது வயதிற்குமேல் வேலையிழந்தவர் ஆகியோர் இப்படிகளின் கீழே நின்றுவிட்டனர்.

புறவாயிலும் அதே காலத்தில் குறுகியது. 1991ஆம் ஆண்டின் பொருளாதார மாற்றங்களுக்குப் பின்னர்ப் பழைய ஆலைகள் பல ஆட்குறைப்புச் செய்தன. டன்லப் ஆலை பின்னாளில் மூடப்பட்டது. ஊர்தித் தொழில் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளுக்குப் பரவியது. அம்பத்தூர்ப் பேட்டையில் பட்டறைகள் இருந்த இடங்கள் சிலவற்றில் மென்பொருள் நிறுவனங்களின் மாடங்கள் எழுந்தன. கடைசற் பொறியைக் கையால் இயக்கும் திறன் போதாதாகி, கணினி இயக்கும் பொறியை ஆளும் திறன் வேண்டப்பட்டது. ஆயத்த ஆடை, மருத்துவமனைப் பணி, கணக்கு, கிடங்குப் பணி, விற்பனை எனப் புதிய துறைகள் ஆள் கேட்டன. பழைய பயிற்சி நிலையத்தின் பட்டியலில் இவற்றுட் சில இடம்பெற்றில.

கீழ்ப்படியில் நின்றவர்க்கும் புதிய துறைகளுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டியிருந்தது. 1978ஆம் ஆண்டில் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்பிரிவு அமைத்ததும், 1978-79இல் இந்திய அரசு சமுதாயப் பாலிடெக்னிக் திட்டத்தைத் தொடங்கியதும் இத்திசையில் எடுத்து வைத்த அடிகள். அவ்வழியின் அடுத்த அடியே சமுதாயக் கல்லூரி.

சமுதாயக் கல்லூரி

இவ்வமைப்பின் மூலம் அமெரிக்க நாட்டினது. 1901ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தோன்றிய ஈராண்டுக் கல்லூரியை அதன் முதல்வித்தாகக் கூறுவர். 1944ஆம் ஆண்டின் படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தின்படி ஏறத்தாழ 22 இலட்சம் முன்னாள் வீரர்கள் கல்லூரிகளில் புகுந்தனர். 1947ஆம் ஆண்டில் அதிபர் துரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, சமுதாயக் கல்லூரி என்னும் பெயரைப் பரவச் செய்தது. போரிலிருந்து மீண்டவர், ஆலைத் தொழிலாளி, இல்லத்தரசி, குடியேறியவர் ஆகிய பலர்க்கும் வீட்டின் அருகே, குறைந்த கட்டணத்தில், வேலைக்குதவும் கல்வி தருதல் அதன் குறிக்கோள்.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டில் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996ஆம் ஆண்டில் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. இயேசு சபையைச் சேர்ந்த சேவியர் அல்போன்சு அடிகளார் இவ்வியக்கத்தின் முன்னோடியாக விளங்கினார். அவர் முயற்சியால் சென்னையில் 1999ஆம் ஆண்டில் சமுதாயக் கல்விக்கான ஆய்வு, வளர்ச்சி மையம் தோன்றியது. ஒதுக்கப்பட்டோரை உள்ளே கொணர்தல் என்பதை இவ்வியக்கத்தார் தம் கொள்கையாக அறிவித்தனர். 2002ஆம் ஆண்டில் சட்டத்தால் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பின்னர்ச் சமுதாயக் கல்லூரிகளுக்கு ஏற்பளித்துப் பட்டயம் வழங்க முன்வந்தது. 2009ஆம் ஆண்டில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2013-14இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் தத்தம் திட்டங்களை வகுத்தன.

இக்கல்லூரியின் செயல்முறை நான்கு கூறுகளால் ஆயது. வாழ்க்கைத் திறன் முதலாவது. பேசுதல், நேரம் பேணல், பிறரோடு இணைந்து பணிசெய்தல் ஆகியன இதன்கண் அடங்கும். தொழில்திறன் இரண்டாவது. ஆலையிலோ மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ பெறும் களப்பயிற்சி மூன்றாவது. வேலைக்கு ஆயத்தமாதல் நான்காவது. மானியக் குழுவின் திட்டத்தில் தொழில்திறனுக்கு நூற்றுக்கு 60 பங்கும், பொதுக்கல்விக்கு 40 பங்கும் வகுக்கப்பட்டன. நெடுநல்வாடை இருவேறு மாந்தரிடம் கண்ட நூலறிவையும் கைத்திறனையும் ஒருவரிடத்தே கூட்டும் முயற்சி என்று இதனைக் கூறலாம். மேல்வயது வரம்பு இன்மையும், பள்ளியில் தவறியவரையும் ஏற்றலும் தொடக்ககாலச் சமுதாயக் கல்லூரிகளின் தனிச்சிறப்பாகும்.

முதற்கூறாகிய வாழ்க்கைத் திறனைச் சிலர் எளிதாகக் கருதுவர். பள்ளியில் தவறியவன் இழந்தது பாட அறிவு மட்டுமன்று. தன்னால் கற்க இயலும் என்னும் துணிவையும் அவன் இழந்திருப்பான். அத்துணிவை மீட்டளித்த பின்னரே கருவியைக் கையில் கொடுத்தல் பயன் தரும். கல்வியுளவியலார் பலரும் உடன்படும் இவ்வுண்மையைப் பாடத்திட்டத்தின் முதற்கண் வைத்தமை இக்கல்லூரியின் நுண்மையைக் காட்டும்.

ஏற்பும் இடரும்

இனி, குறைகளை மறைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. சமுதாயக் கல்லூரியின் புகுவாயில் அகலமானது. அதன் புறவாயில் ஒரே சீராக அமைந்திலது. தேசியப் பல்கலைக்கழகம் 2009ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம் சில ஆண்டுகளில் நிறுத்தி வைக்கப்பட்டது. திட்டம் நின்றால், அதில் பயின்றவரின் சான்றிதழை வேலை தருவோர் ஐயத்தோடு நோக்குவர். வறியவர்க்கு ஓராண்டு என்பது சிறிதன்று. அவ்வோராண்டுக் கூலியை இழந்தே அவர் கற்கின்றார். அவர் பெற்ற சான்றிதழ் ஏற்கப்படாவிடின், புகுவாயிலில் தந்த நம்பிக்கை புறவாயிலில் பறிக்கப்பட்டதாகும்.

இதற்கு மாறாக, பயிற்சி நிலையச் சான்றிதழுக்குச் சட்டத்தின் துணையும், நாடு முழுதும் ஒரே மதிப்பும் உண்டு. அதன் மேல் ஏறிச் செல்லும் படிகளும் உண்டு. ஈராண்டுத் தொழிற்பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப்படிப்பில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். எட்டாம் வகுப்பில் தொடங்கியவருக்கும் அடுத்த படி கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். 2013ஆம் ஆண்டின் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு இத்தகைய படிநிலையைத் திறன்கல்வி முழுவதற்கும் வகுக்க முற்பட்டது. அக்கட்டமைப்பு நடைமுறையில் எத்துணை உறுதியாக ஊன்றுகின்றதோ, அத்துணையே சமுதாயக் கல்லூரியின் சான்றிதழும் மதிப்புறும்.

அரசும் அண்மையில் சில வழிகளைத் திறந்துள்ளது. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்படி, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று மேற்படிப்பிற்குச் செல்லும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கப்படலாயிற்று. பட்டயப் படிப்பும் தொழிற்பயிற்சியும் அதன்கண் அடங்கின. தமிழ்நாட்டின் அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் 71, தனியார் நிறுவனத்தின் கூட்டோடு புதிய தொழில்நுட்ப மையங்களாகத் தரம் உயர்த்தத் திட்டமிடப்பெற்றன. கருவி புதுப்பிக்கப்படும்போது புகுவாயிற்படியும் உடன் உயர்ந்துவிடாது காத்தல் ஆட்சியாளர் கடன்.

மொழியும் தொழிலும்

தமிழ்த்துறை ஆய்வாளர் இவ்வரலாற்றில் நோக்க வேண்டிய கூறு ஒன்று எஞ்சி நிற்கின்றது. பட்டறையில் வழங்கும் மொழி இருவகையது. அரம், குறடு, சம்மட்டி, உளி, பட்டடை, மரை, கடைசல், சாணை பிடித்தல் என வழிவழி வந்த சொற்கள் ஒரு புறம். லேத்து, வெல்டிங், போல்ட்டு, கேஜு எனக் காது வழியே நுழைந்த சொற்கள் மறுபுறம். தொழிலாளி இவ்விரண்டையும் தடையின்றிக் கலந்து ஆள்கின்றான். பாடநூல் எழுதுவோரோ இவ்விரண்டையும் விடுத்து, ஒருவரும் வழங்காத சொல்லைப் புதிதாய்ப் படைத்துத் தருதல் உண்டு. பள்ளியில் ஆங்கிலத்தால் தவறியவன், பயிற்சிக் கூடத்தில் தமிழாலும் தடுமாற நேர்வது வருந்தத்தக்கது.

கலைச்சொல்லாக்கத்தில் நம் பல்கலைக்கழகங்கள் ஆற்றிய பணி பெரிது. 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலும் இயந்திரவியலும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியதும் போற்றத்தக்கது. ஆயினும் இப்பணி மேலிருந்து கீழ்நோக்கியே பெரிதும் நடந்தது. அம்பத்தூர்ப் பேட்டையின் பட்டறைகளிலும், ஆவடி ஆலைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றோரிடத்தும் வழங்கும் சொற்களைத் தொகுத்து, வழக்காறு அறிந்து, பாடநூலுக்கு ஏற்றவற்றைத் தெரிந்தளித்தல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க களப்பணியாகும். கம்மியர் என்னும் பழஞ்சொல்லைத் தொழிற்பிரிவின் பெயராக்கிய அறிஞர், மக்கள் எளிதில் ஏற்கும் சொல்லையே தெரிந்தெடுத்தனர். அவ்வழி இன்னும் பல சொற்களுக்குத் திறந்தே உள்ளது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் மூன்று.

முதலாவது, சென்னை மேற்குப் புறநகரில் தொழிற்கல்வி ஆலையின் அருகே தோன்றியமையால், கற்ற தொழிலுக்கும் செய்யும் தொழிலுக்கும் இடையே நெருக்கம் இருந்தது. பல்வேறு குலத்தினரும் ஒரே தகுதியின்கீழ் வேலை பெறுதற்கு அந்நெருக்கம் துணைசெய்தது.

இரண்டாவது, ஒவ்வொரு நிறுவனமும் தோன்றுங்கால் கீழ்ப்படியிலுள்ளார்க்கே தோன்றுகின்றது. மதிப்புப் பெற்ற பின்னர் அதன் படி உயர்ந்து, கீழிருந்தோர் மீண்டும் புறத்தே நிற்கின்றனர். தொழிற்பயிற்சி நிலையத்திற்கும் பாலிடெக்னிக்கிற்கும் நேர்ந்தது இதுவே. சமுதாயக் கல்லூரிக்கும் இது நேராதவாறு காத்தல் வேண்டும்.

மூன்றாவது, புகுவாயிலை அகலத் திறந்ததே சமுதாயக் கல்லூரியின் சாதனை. புறவாயிலை உறுதிப்படுத்தல் அது இன்னும் முடிக்க வேண்டிய பணி. சட்ட ஏற்பு, மேற்படிப்பிற்கான படிகள், ஆலைகளோடு நிலையான உடன்படிக்கை ஆகிய மூன்றும் அமையுமாயின், பள்ளியில் ஒருமுறை தவறியவரும் வாழ்வில் தவறாது நிமிர்வர்.

கம்மியன் என்னும் பெயர் பிறப்பின் தளையிலிருந்து விடுபடப் பல நூற்றாண்டுகள் ஆயின. அப்பெயரைப் பயிற்சியால் ஈட்டும் உரிமை சட்டத்தால் எல்லார்க்கும் வந்துவிட்டது. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் வாய்ப்பு, ஏரிக்கரையில் குடியிருந்து ஆலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த கடைசி மனிதருக்கும் கிட்டும் நாளில்தான் இவ்வரலாறு நிறைவெய்தும்.